அப்பாவுக்கு ஒரு வாய்

ஓலப்பாளையத்துத் தறிப்பட்டறைக்குப் பின்னால், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக இருந்த பதினொரு லைன் வீடுகளில், ஏழாவது வீட்டுக் கோகிலவாணிக்கு மகிழினி என்று நாலரை வயதில் ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் இருந்தது. அது பகலெல்லாம் ஓயாமல் பேசும், பாடும், பக்கத்து வீட்டுச் சண்டையை அப்படியே ஒப்பிக்கும், சாயங்காலம் ஏழரை மணிக்குச் சோற்றைக் கண்டால் மட்டும் பூட்டிக்கொள்ளும்.

திங்கட்கிழமை ரசம் சாதம் என்றால் அதில் கறிவேப்பிலை எட்டிப்பார்த்துவிட்டது என்று பூட்டிக்கொள்ளும், செவ்வாய்க்கிழமை தோசை என்றால் ஓரம் கருகிவிட்டது என்று பூட்டிக்கொள்ளும், புதன்கிழமை சேமியா நெளிகிறது, வியாழக்கிழமை தயிர் சாதம் வெள்ளையாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை முட்டை நேற்று யாரோ அழுத வாசம் அடிக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து ஆறு மணிவரை நாலு தறி ஓட்டிவிட்டு, காதுக்குள் தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்க வீட்டுக்கு வரும் கோகிலா, பத்தே நிமிஷத்தில் குழந்தைகளுக்கு இரவு உணவு என்று செல்போனில் நகப்பூச்சுப் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்து காட்டியதையெல்லாம் செய்து பார்த்தாள். பீட்ரூட் போட்டுச் சப்பாத்தி சுட்டாள். இட்லிக்கு மிளகில் கண்ணும் கேரட்டில் வாயும் வைத்தாள். கண் வைத்த இட்லியைப் பார்த்துப் பிள்ளை, பாவம் அதற்கு வலிக்கும் என்று ஏங்கி ஏங்கி அழுததே தவிர வாயைத் திறக்கவில்லை.

லைன் வீட்டில் புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம். பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்றது ஒரு வீடு, திருஷ்டி என்றது ஒரு வீடு, ஊட்டித்தான் கெடுத்துவிட்டாய் என்றது மூன்றாவது வீடு. கோகிலாவுக்கு ஊட்டாமல் இருக்கத் தெரியவில்லை. அவள் புருஷன் அர்த்தநாரி போர் போடும் லாரியில் வேலைக்குப் போய் ஏழு மாதமாக வடக்கே சத்தீஸ்கர் பக்கம் யார் யார் காட்டிலோ தண்ணீருக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான், வீட்டில் இருந்தது அவளும் பிள்ளையும்தான், நாள் முழுக்கப் பார்க்க முடியாத பிள்ளையை ஒரு நேரமாவது தன் கையால் தொட்டு ஊட்டினால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

கடைசியில் அவளும் எல்லா அம்மாக்களும் செய்வதைத்தான் செய்தாள். சோற்றை உருட்டி, பேர் சொல்லி ஊட்ட ஆரம்பித்தாள். இது காக்காவுக்கு ஒரு வாய் என்றாள். காக்கா எலி தின்னும் என்று பிள்ளை உதட்டை மடித்துக்கொண்டது. இது நிலாவுக்கு ஒரு வாய் என்றாள். நிலாவுக்கு வாயே இல்லை என்றது. இது எட்டாவது வீட்டுப் பாவாயக்காவுக்கு ஒரு வாய் என்றதும் ஆ என்று திறந்தது. அதிலும் மகிழினி கறாராக இருந்தாள், தான் முகம் பார்த்த ஆளாக இருக்க வேண்டும், அந்த ஆளுக்குப் பசிக்கும் என்று தனக்குத் தோன்ற வேண்டும். மகிழினிக்கு ஒரு வாய் என்றால் மட்டும் திறப்பதில்லை. எனக்கு வேண்டாம், எனக்கு நல்லாயில்லை என்பாள். கடைசி உருண்டை எப்போதும் அப்பாவுக்கு. அதற்கு மட்டும் கூப்பிடும் முன்பே வாய் திறந்திருக்கும்.

தட்டு காலியாவதைப் பார்த்துக் கோகிலா கும்பிட்ட சாமிக்கெல்லாம் நன்றி சொன்னாள். ஆனால் கை கழுவி வருவதற்குள் பிள்ளை, அம்மா பசிக்குது என்றது. தினமும் தட்டு காலியானது, தினமும் பசிக்குது என்றது, அங்கன்வாடியில் எடை பார்க்கிற டீச்சர் அட்டையில் வைத்த புள்ளி மாதாமாதம் கீழே இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். பூச்சி இருந்தால்தானே போவதற்கு.

காரணம் தெரிந்தது ஒரு கிருத்திகை அன்று. எட்டாவது வீட்டுப் பாவாயி, கிருத்திகைக்குக் கிருத்திகை தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிறவள், ஏழே முக்கால் மணிக்கு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் கோகிலா, நான் காத்தாலருந்து பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்கறேன். நீ பாட்டுக்கு எனக்கு அரிசிம்பருப்புச் சோறு ஊட்டி உட்டுட்டு உக்காந்திருக்கற?"

கோகிலா, நான் பிள்ளைக்குத்தான் ஊட்டினேன் என்றாள். நெய் ஊற்றினாயா இல்லையா என்று பாவாயி கேட்டாள். ஊற்றினேன் என்றாள் கோகிலா. பூண்டு நாலு பல் கூடவே போட்டாய்தானே என்றாள். ஆமாம் என்றாள். அதுதான் என் தொண்டையில் நிற்கிறது என்றாள் பாவாயி. அதற்குமேல் அவள் ஆச்சரியப்படவில்லை. முறிந்த விரதத்துக்கு முருகனிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டவர் கிடைக்கும் மேடேறி அர்த்தநாரி பேசியபோது கோகிலா கேட்டாள். அவன் சிரித்தான்.

"ஏழரை மணியானா வயித்துல சூடா வந்து உழுகுது புள்ள. நான் யார்கிட்டயும் சொல்லுல, கிறுக்கும்பாங்கன்னு. நேத்துக் கொஞ்சம் உப்புக் கம்மி."

பாப்பாவுக்குத்தான் ஒன்றும் தங்க மாட்டேன் என்கிறது என்று அவள் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது. அப்படியானால் என் பேரைச் சொல்லாதே என்றான். அன்று சாயங்காலம் அவள் அப்பா உருண்டையை விட்டுப் பார்த்தாள். அப்பாவுக்கு எங்கே என்று பிள்ளை கேட்ட கேள்வி ஒன்பது மணிவரை ஓயவில்லை, கடைசியில் ஆறிக் காய்ந்திருந்த மிச்சச் சோற்றில் ஒரு வாய் உருட்டி அப்பா பேரைச் சொன்ன பிறகுதான் தூங்கியது.

விஷயம் லைனில் பரவியது. புதிதாகத் தெருக்குழாய் போட்டால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான் அதையும் எடுத்துக்கொண்டார்கள். எட்டு மணிக்கு ராத்திரி ஷிப்ட் ஏறுகிற தறிக்காரர்கள் சோற்றுத் தூக்குப்போசி தூக்குவதை விட்டார்கள், ஏழரைக்கு எங்கள் பேரையும் ஒரு வாய் சொல்லிவிடு கோகிலா என்றார்கள். பிள்ளைக்கு முகம் தெரிய வேண்டுமே என்று சாயங்காலம் வரிசையாக வந்து, பாப்பா நான்தான் மூன்றாவது வீட்டு மாமன், பாப்பா நான்தான் தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற சித்தப்பன் என்று குனிந்து முகம் காட்டிவிட்டுப் போனார்கள். ஈரோட்டில் ஆஸ்டலில் இருந்த பெண்ணொருத்தி லீவுக்கு வந்தபோது முகம் காட்டிப் போனாள். ஒரு உருண்டை போனால் போகிற ஆளுக்கு வயிறே நிறைந்தது, அதுதான் அதில் விசேஷம். பிறகு சமையலும் கோகிலாவின் கையை விட்டுப் போனது. ஆடி வெள்ளி, முட்டை கூடாது என்றார்கள், சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிறார், உருளைக்கிழங்கைக் குறை என்றார்கள், தினமும் அரிசிம்பருப்பா, ஒரு நாளாவது குழம்பு வைக்கக் கூடாதா என்று சலித்துக்கொண்டார்கள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று அவள் ஒருமுறை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒன்பதாவது வீட்டிலிருந்து பதில் வந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள், நெய் கொண்டுவந்து கொடுத்தார்கள், பிள்ளையின் காலில் முள் குத்தினால் பதினொரு வீடும் ஓடி வந்தது. பிள்ளையின் முழங்கால் மட்டும் தொடையைவிடப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

முடியாது என்று கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் பேர் சொல்லாவிட்டால் பிள்ளை வாயே திறக்காது, திறந்தால்தானே ஒரு பருக்கையாவது உள்ளே ஒட்டும் என்று அவள் நினைத்தாள். அதோடு ஆறாவது வீட்டில் காளியண்ணன் இருந்தார். தொண்டையில் புற்று வந்து ஐந்து மாதமாக மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்த மனுஷன். அவர் சம்சாரம் ராமாயி ஒரு நாள் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றாள், கோகிலாவும் ஒன்றும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிப்போய் அவர் முகத்தைக் காட்டினாள். அன்றைக்குத் தக்காளி ரசம். ஏழே கால், ஏழரை என்று படுக்கையில் காத்துக்கிடந்த காளியண்ணன் திடீரென்று கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார் என்று ராமாயி வந்து சொன்னாள். அதற்குப் பிறகு யாருடைய பேரை விடுவது என்று கோகிலாவுக்குத் தெரியவில்லை.

ஆவணி கடைசியில் காளியண்ணனுக்கு மூச்சுத் திணறி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமும் கோகிலா, இது காளியண்ணத் தாத்தாவுக்கு ஒரு வாய் என்று ஊட்டினாள். பிள்ளை விழுங்கியது. விழுங்கிவிட்டு, பால் குடித்த காலத்துக்கு அப்புறம் விடாத ஒன்றை விட்டது. ஏப்பம். பெரிய மனுஷி மாதிரி நீளமாக ஒரு ஏப்பம் விட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு, பசிக்கலைம்மா என்றது. அப்படியே சுருண்டு தூங்கியும் போனது. கோகிலா அதன் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கும்பிட்ட சாமிக்கெல்லாம் மறுபடி நன்றி சொன்னாள். காளியண்ணன் ஏழு மணிக்கே போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது எட்டரைக்கு.

வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத உருண்டை பிள்ளையின் வயிற்றிலேயே தங்கிவிட்டது என்பதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. மறுநாளும் அவள் காளியண்ணன் பேரையே சொன்னாள். ஆனால் காலையில் ஆறாவது வீட்டு வாசலில் தாத்தாவைப் படுக்கவைத்து மாலை போட்டதை மகிழினி பார்த்துவிட்டாள். செத்தவங்க எப்படிச் சாப்பிடுவாங்க என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சுவரில் படமாகத் தொங்கிய தன் அப்பன் பேரைக் கோகிலா சொன்னாள், மாமனார் பேரைச் சொன்னாள். அவர்களை நான் பார்த்ததே இல்லை என்றது பிள்ளை. ஆக, செத்திருக்கவும் வேண்டும், செத்தது பிள்ளைக்குத் தெரிந்திருக்கவும் கூடாது, பிள்ளை முகம் பார்த்துப் பழகிய ஆளாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆளுக்குக் கோகிலா எங்கே போவாள்?

போகாமலும் இல்லை, மனசால் எல்லா வீட்டுக்கும் போய் வந்தாள். ஒன்பதாவது வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து போனதை நினைத்தாள். ரெண்டாவது வீட்டுக்காரன் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை நினைத்தாள். நினைத்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள், மறுபடி நினைத்தாள். அவள் யாரையாவது கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்த்தால் அவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சந்தின் மறுபக்கமாகப் போனார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. பெற்றவளாயிற்றே. எல்லாரையும் நினைத்துப் பார்த்தவள் வடக்கே இருந்த ஒருவனை மட்டும் நினைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. கரண்ட் போய்த் தறிகளெல்லாம் நின்று, லைனில் ஒரு வீட்டில் பேசினால் எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி இருந்தது. கோகிலா மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரிசிம்பருப்பு பிசைந்தாள். பேர்கள் ஒவ்வொன்றாகப் போயின, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பசிக்குது பசிக்குது என்று முனகிக்கொண்டே விழுங்கியது. கடைசி உருண்டையில் நெய்யைக் கொஞ்சம் கூடத் தொட்டு, இது அப்பாவுக்கு ஒரு வாய் என்றாள்.

மகிழினி மென்றாள். விழுங்கினாள். ஏப்பம் விட்டாள்.

"பசிக்கலைம்மா."

இடைச்சுவருக்கு அந்தப்பக்கம் பாவாயி வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அதற்கு அடுத்த வீட்டில் பேச்சு நின்றது. ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே போய்ப் பதினோராவது வீட்டு பேட்டரி ரேடியோவும் நின்றது. கோகிலா கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்பது எப்படித்தான் அந்த நிமிஷத்திலேயே அவளுக்குத் தெரிந்ததோ, அவள் அழவில்லை. இன்னொரு வாய் அப்பாவுக்குக் கொடு, மண்ணு நோண்டுறாங்கல்ல, நிறையப் பசிக்கும் என்றது பிள்ளை. பானையில் மிச்சமிருந்த சோற்றை வழித்துப் போட்டு, உருட்டி, அப்பாவுக்கு, அப்பாவுக்கு, அப்பாவுக்கு என்று அவள் ஊட்டினாள். எல்லாம் தங்கியது.

மறுநாள் காலை லாரி மேனேஜர் போன் பண்ணி, அர்த்தநாரிக்குக் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பயப்பட ஒன்றும் இல்லை என்று இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் சொல்வதையே சொன்னார். எத்தனை மணிக்கு என்று கோகிலா கேட்டாள். நேற்றுச் சாயங்காலம் ஆறு மணி இருக்கும் என்றார். துளை போடும்போது லாரியின் காற்றுக்குழாய் பிய்த்துக்கொண்டு அடித்ததாம். "எனக்குத் தெரியுமுங்க, எப்பக் கொண்டாறீங்க" என்றாள். அதற்குமேல் மேனேஜர் மறைக்கவில்லை, வண்டி கிளம்பிவிட்டது என்றார்.

உடம்பை லைனுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பாவாயி முடிவு பண்ணினாள், பதினொரு வீடும் அதற்குத் தலையாட்டியது. அரூர்ப் பக்கம் அவன் பிறந்த ஊரிலேயே எடுத்தார்கள். கோகிலா மட்டும் போனாள். பிள்ளையிடம் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள், பிள்ளை ரெண்டு நாள் யார் கையிலும் ஒரு வாய் வாங்கவில்லை. போன இடத்தில் அவளுக்குச் செய்ய வேண்டிய முறையையெல்லாம் குறையில்லாமல் செய்தார்கள், பொட்டை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள், தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். மூன்று நாள்கூட இருக்காமல் ஓடுகிறாளே என்று மாமியார் வீட்டில் மண்ணை வாரித் தூற்றியதையும் காதில் வாங்கிக்கொண்டு, மூன்று பஸ் மாறி அவள் ஓலப்பாளையத்தில் இறங்கியபோது, பஸ் ஸ்டாப்பில் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை.

பையிலிருந்து மஞ்சள் கிழங்கு கட்டிய ஒரு கயிற்றை எடுத்தாள். கிருத்திகைக்குத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், சாஸ்திரம் பார்க்காமல் பால் பாத்திரத்தைக்கூட இடம் மாற்றாதவள், சுற்றுமுற்றும் பார்க்காமல் அதைக் கோகிலாவின் கழுத்தில் கட்டினாள். நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். ரெண்டு முழம் கனகாம்பரத்தைத் தலையில் வைத்தாள். கோகிலா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள்.

"இதுக்கு வர்ற பாவத்த நான் வாங்கிக்கறேன். கொழந்தைக்குத் தெரியக்கூடாது. ஏழரைக்குள்ள போவோணும், நட."

அன்றிலிருந்து லைன் வீட்டில் யாரும் தங்கள் பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. ராத்திரி ஷிப்ட்காரர்கள் தூக்குப்போசியைத் தேடி எடுத்துப் புளிபோட்டு விளக்கினார்கள். அப்பா ஏன் போன் பண்ணவில்லை என்று பிள்ளை கேட்டால், பதினொரு வீட்டிலும் ஒரே பதில்தான், அங்கே டவர் இல்லை கண்ணு. ராமாயி மட்டும் ஒரு தடவை பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோகிலா காலையில் சந்து தாண்டியதும் பொட்டை எடுத்துவிட்டுத் தறிக்குப் போவாள், சாயங்காலம் சந்து முனையில் பாவாயி வைத்திருக்கும் பொட்டை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவாள். திங்கட்கிழமை ரசம், செவ்வாய்க்கிழமை தோசை. கறிவேப்பிலை இருந்தாலும் ஓரம் கருகினாலும் இப்போது பிள்ளை ஒன்றும் சொல்வதில்லை, அப்பா எல்லாமே தின்பாராம். தட்டு முழுக்க அப்பாதான். பிள்ளையின் கன்னம் உப்பியது. முழங்கால் தொடைக்குள் அடங்கியது. தையில் எடை பார்த்த டீச்சர் புள்ளியை மேலே வைத்துவிட்டு, அப்படி என்னம்மா கொடுக்கிறாய் என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

"அவங்கப்பன் பேரச் சொன்னாச் சாப்புடுதுங்க" என்றாள் கோகிலா.

ஆனால் அவள் சாப்பிடுவது நின்றிருந்தது. விரதமெல்லாம் இல்லை, கையில் எடுத்தால் அதற்குள் ஒரு பேர் இருப்பதுபோல் இருந்தது, வாய்வரை போகவில்லை. டீயும் தண்ணீருமாக ஓடியது. தறியின் முன்னால் நிற்கும்போது தான் நிற்கிறோமா இல்லையா என்றே அவளுக்குச் சில நேரம் தெரியாது, நூல் அறுந்தால் கை தானாக முடிச்சுப் போடும், அவ்வளவுதான். தினமும் ஏழரைக்குச் சிரித்துக்கொண்டே அவன் பேரைச் சொல்லி, தினமும் அந்த ஏப்பத்துக்காகக் காத்திருந்து, தினமும் ஒருமுறை புதிதாக அவன் செத்ததைக் கேட்டுக்கொண்டாள்.

மாசியில் ஒரு சாயங்காலம் பிள்ளை கடைசி உருண்டைக்கு முன்னால் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது. பொட்டையும் பூவையும் அவள் முகத்தையும் ரொம்ப நேரம் பார்த்தது. அப்பாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது, இது அம்மாவுக்கு என்றது. இதுவரை ஒரு நாளும் அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர் அது. ஆகட்டும், இருக்கிறோமா இல்லையா என்று தெரிந்துவிடட்டும் என்று கோகிலா நினைத்தாள். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, "இது அம்மாவுக்கு ஒரு வாய்" என்று ஊட்டினாள்.

மகிழினி நன்றாக மென்றாள். விழுங்கினாள். கோகிலா அந்தச் சின்ன வாயையே பார்த்திருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் பாவாயியும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்பம் வரவில்லை. கோகிலாவின் வயிற்றில் சூடாக ஒரு உருண்டை வந்து விழுந்தது. உப்புக் கொஞ்சம் கம்மி.